வேலை பழக ஒரு வேலையிடம்

2018 ஜூன் மாதம் விசுவமடுவில் ஓர் இராணுவ அதிகாரிக்குப் பிரியாவிடை நடந்தது. கேணல் இரத்தினப்பிரிய பந்து இடமாற்றம் பெற்றுப் போகிறார் என்று ஊர் திரண்டது. மாலை போட்டார்கள், தோளில் தூக்கினார்கள், வாய்விட்டு அழுதார்கள். அழுதவர்களில் முன்னாள் போராளிகளும் இருந்தார்கள். போர் முடிந்து ஒன்பது வருடங்களே ஆகியிருந்த முல்லைத்தீவில் இந்தக் காட்சி எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் பயன்பட்டது. நல்லிணக்கம் மலர்ந்துவிட்டது என்றார்கள் தெற்கில். வடக்கில் சிலர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அந்த மனிதர் அங்கே என்ன வேலை பார்த்தார் என்ற சாதாரணக் கேள்வியில் இரண்டு தரப்புக்கும் பெரிய அக்கறை இருக்கவில்லை.

அவர் ஒரு முதலாளியாக இருந்தார். பாதுகாப்பு அமைச்சின் கீழிருந்த சிவில் பாதுகாப்புத் திணைக்களத்துக்குக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அவர்தான் பொறுப்பு. பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலுமாக 3,000க்கும் மேற்பட்ட உள்ளூர் ஆட்கள் அந்தத் திணைக்களத்தில் சம்பளம் வாங்கினார்கள். மாதம் முடிந்தால் காசு வங்கிக்கு வந்தது. வேறு முன்பள்ளிகளில் படிப்பித்த ஆசிரியைகள் சில ஆயிரம் ரூபா கொடுப்பனவோடு மல்லுக்கட்டியபோது இங்கே படிப்பித்தவருக்கு அதைப்போலப் பல மடங்கு கிடைத்தது. பாலர் பள்ளிக்கும் பாதுகாப்பு அமைச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டவர்கள் சரியாகத்தான் கேட்டார்கள். ஆனால் அந்தப் பெண்களுக்கு அதே சம்பளத்தில் வேறு ஒரு வேலையைக் காட்டக்கூடியவர் அந்த விவாதத்தில் யாரும் இல்லை.

இதே விசுவமடுவுக்கு இளைஞர்கள் வேலை தேடி வந்த வேறொரு காலமும் உண்டு. 1960களின் பிற்பகுதியில் விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் ‘படித்த வாலிபர் திட்டம்’ தொடங்கியது. எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டுக் களைத்த பெடியள் காடு வெட்டி, கிணறும் வாய்க்காலும் பார்த்து, மிளகாயும் வெங்காயமும் வைத்தார்கள். பேனை பிடித்த கை மண்வெட்டி பிடிக்குமா என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். 1970க்குப் பிறகு சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியதும் அந்தச் சிரிப்பு நின்றது. செத்தல் மிளகாய் விற்ற காசில் கல்வீடு எழும்பியது, உழவு இயந்திரம் வந்தது, மாப்பிள்ளை கேட்டு ஆட்கள் வந்தார்கள். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. இறக்குமதிச் செத்தல் வந்து இறங்க, தோட்டக்காரர் விலையோடு மல்லாட வேண்டியதாயிற்று.

அந்த வாலிபர்களுக்கு எவரும் ஆளுமை விருத்திப் பயிலரங்கு வைக்கவில்லை. காணி இருந்தது, தண்ணீர் இருந்தது, விளைந்ததை வாங்க ஆள் இருந்தது. தொழில் தானாகப் பழகியது. இதைப் பழைய பெருமையாகச் சொல்லவில்லை. அந்த ஏற்பாட்டில் தொல்லைகளும் இருந்தன, சந்தை மூடியிருந்ததால் தெற்கிலும் வடக்கிலும் பாணுக்கு வரிசையில் நின்றவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். ஆனாலும் வேலை முதலில் வந்தது, பயிற்சி அதன் பின்னால் வந்தது என்ற வரிசை அங்கே சரியாக இருந்தது.

இந்நாட்டில் இளைஞர் தொழில் பற்றிய சட்டங்கள் பிறந்த ஆண்டுகளைப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். பயிலுனர் பயிற்சிக்கான சட்டம் 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கம். அந்த ஏப்ரலில்தான் தெற்கின் படித்த இளைஞர்கள் துவக்கெடுத்திருந்தார்கள். அதே ஆண்டு சர்வதேச தொழில் அமைப்பு அனுப்பிய டட்லி சியர்ஸ் குழு, இங்கே இளைஞர் எதிர்பார்க்கும் வேலைக்கும் நாட்டில் கிடைக்கும் வேலைக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை எழுதிக் கொடுத்தது. அடுத்த சட்டம் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கம். அதிலிருந்துதான் இன்றைய தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, ‘நைட்டா’, வந்தது. அதற்கு முந்திய இரண்டு மூன்று வருடங்களில் தெற்கின் ஆறுகளில் இளைஞர்களின் உடல்கள் மிதந்தன. வேலையில்லாத பிள்ளைகளின் குரல் அரசுக்குக் கேட்க வெடிச்சத்தம் தேவைப்பட்டிருக்கிறது. வடக்கில் அந்தச் சத்தம் முப்பது வருடம் கேட்டும் அப்படி ஒரு சட்டம் வரவில்லை.

சட்டம் வராவிட்டாலும் பயிற்சி வந்தது. 2009க்குப் பிறகு வன்னியில் வந்து குவிந்தவற்றில் தறப்பாளுக்கும் தகரத்துக்கும் அடுத்தது பயிற்சிதான். தையல், கேக் அலங்காரம், மணப்பெண் அலங்காரம், மேசன், வயரிங், கணினி. புனர்வாழ்வு முகாம்களிலிருந்து வெளியே விடப்பட்ட ஏறத்தாழ 12,000 பேரிலும் பலரிடம் ஏதாவது ஒரு சான்றிதழ் இருந்தது. ஒரு கிராமத்தில் இருபது பேருக்குத் தையல் பழக்கினார்கள். அந்த இருபது பேரிடமும் சட்டை தைக்கக் கொடுக்கப்போவது யார் என்பது திட்ட அறிக்கையில் கேட்கப்படும் கேள்வி இல்லை. பயிற்றப்பட்டோர் தொகை, அதில் பெண்கள் எத்தனை பேர், படங்கள். கோப்பு மூடப்பட்டது.

நேர்முகப் பரீட்சைக்குப் போனால் முன் அனுபவம் கேட்பார்கள். 2009 தொடக்கத்தில் பத்து வயதாக இருந்த ஒரு பிள்ளை கிளிநொச்சியிலிருந்து தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று நடந்து, மெனிக்பாம் கூடாரத்தில் ஐந்தாம் வகுப்பைத் தொடர்ந்திருக்கும். அந்த வயதில் பதுங்குகுழிக்குள் தம்பியை அமர்த்தி வைக்கவும் கஞ்சி வரிசையில் இடம் பிடிக்கவும் அதற்குத் தெரிந்திருந்தது. இன்று விண்ணப்பப் படிவத்தில் அனுபவத்துக்கென்று விட்ட கட்டத்தில் அது ஒரு சிறு கோடு போடுகிறது. அதை வாசிப்பவரும் நியாயமானவர்தான். இயந்திரத்தை நம்பி ஒப்படைக்க அவருக்கு ஆள் வேண்டும்.

இங்கே இரண்டு ஜேர்மன் பள்ளிக்கூடங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாவது 1959இல் வெரஹெரவில் தொடங்கியது. அதற்கு முந்திய வருடம்தான் பஸ் கொம்பனிகள் தேசியமயமாகி இலங்கை போக்குவரத்துச் சபை உருவாகியிருந்தது. பஸ்கள் ஆயிரக்கணக்கில் சபையின் கைக்கு வந்தன, திருத்த ஆட்கள் போதவில்லை. மேற்கு ஜேர்மனியின் உதவியோடு சபையின் வேலைத்தலத்தோடு ஒட்டியே பயிற்சிப் பள்ளி அமைந்தது. பின்னர் மொறட்டுவைக்கு மாறி இன்று ‘ஜேர்மன் டெக்’ என்ற பெயரில் நாடெங்கும் அறியப்படுவது அதுதான். அங்கிருந்து வெளியே வந்தவனிடம் யாரும் அனுபவம் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. பழகியதே ஓடுகிற பஸ்ஸில்.

இரண்டாவது 2016இல் கிளிநொச்சி அறிவியல்நகரில் திறக்கப்பட்டது. இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம். பக்கத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும். நல்ல கட்டடம், நல்ல இயந்திரங்கள், மூவினப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கிறார்கள். குறை சொல்ல மனம் வராத இடம். ஆனால் ஜேர்மனியில் தொழிற்கல்வி என்பதில் பள்ளிக்கூடத்தில் நடப்பது சிறு பங்குதான். அங்கே பயிலுனன் முதலில் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்கிறான். வாரத்தில் மூன்று நான்கு நாள் அந்த வேலையிடத்தில், ஒன்றிரண்டு நாள் பள்ளிக்கூடத்தில். கொடுப்பனவு கொடுப்பது முதலாளி. பழக்குபவர் பழக்கத் தகுதியுள்ளவரா என்று பார்க்கவும் ஒரு பரீட்சை உண்டு. முடிவில் சோதனை வைப்பது வர்த்தக, கைவினைச் சம்மேளனங்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டம் இதையெல்லாம் முதலாளியின் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது. கடைசல் இயந்திரத்தைக் கொள்கலனில் ஏற்றிக் கிளிநொச்சிக்கு அனுப்பலாம். அதை வைத்துத் தொழில் நடத்துகிற, ஒரு பெடியனைப் பழக்குவது தன் கடன் என்று நினைக்கிற நடுத்தர முதலாளியை அப்படி அனுப்ப முடியாது. எனவே முறையில் பாதி மட்டும் வந்தது. மீதிப் பாதிக்காக, தொழிலிடப் பயிற்சி ஆறு மாதத்துக்கென்று பிள்ளைகள் பெரும்பாலும் கொழும்புப் பக்கத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. போன இடத்திலேயே பலருக்கு வேலை கிடைப்பது நல்ல செய்தி. வன்னிக்குத்தான் அது அவ்வளவு நல்ல செய்தி இல்லை.

வன்னியில் அப்படி வேலையிடங்களே இருந்ததில்லை என்றும் சொல்ல முடியாது. 1950களில் பரந்தனில் அரசு இரசாயனத் தொழிற்சாலை அமைத்தது. எரிசோடாவும் குளோரினும் அங்கே உற்பத்தியாயின. ஒட்டுசுட்டானில் ஓட்டுத் தொழிற்சாலை இருந்தது, ஆனையிறவில் உப்பளம். ஒரு தலைமுறைப் பிற்றர்களும் வெல்டர்களும் இவற்றில்தான் கை தேறினார்கள். 1980களின் நடுப்பகுதியில் பரந்தன் நின்றது. கட்டடம் எலும்புக்கூடாக நின்றாலும் நிறுவனம் சாகவில்லை. பரந்தன் என்ற பெயரோடு கொழும்பில் இருந்துகொண்டு குளோரின் இறக்குமதி செய்து நாட்டின் குடிதண்ணீருக்குக் கொடுத்து வந்தது. அந்த ஊர்ப் பெயருக்கு வேலை தொடர்ந்து கிடைத்தது, ஊர்க்காரருக்குத்தான் கிடைக்கவில்லை.

போருக்குப் பின் வந்த பெரிய முதலாளிகள் ஆடைத் தொழிற்சாலைக்காரர். வவுனியாவில் ஒமேகா லைன், கிளிநொச்சியில் மாஸ் நிறுவனத்தின் விடியலும் வானவில்லும். விடியலும் வானவில்லும் என்று பெயர் வைத்தவர் கவிஞராக இருக்க வேண்டும். வேறு எங்கும் போக முடியாத ஆயிரக்கணக்கான பெண்களுக்கு அங்கே சம்பளம் உண்டு, சேமலாப நிதி உண்டு, வீட்டு வாசலுக்கு அருகே ஏற்றிச் செல்ல பஸ் உண்டு. இதை எள்ளி நகையாட எனக்கு உரிமையில்லை. ஆனால் ஒரு தையல் வரிசையில் ஒரே மடிப்பை நாள் முழுவதும் தைப்பவள் ஐந்து வருடத்துக்குப் பிறகு எதைப் பழகியிருப்பாள் என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது.

உண்மையில் வன்னியின் தொழிற்பள்ளிகள் சந்திகளில்தான் இருக்கின்றன. கராஜ், தச்சுப் பட்டறை, அரிசி ஆலை, அலுமினியக் கடை, போன் திருத்துமிடம். பரந்தன் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் ஒருவரிடம் ஏன் பயிலுனர்களை எடுப்பதில்லை என்று கேட்டேன். “எடுத்தனான் அண்ணை” என்றார். “முதல் ஆறு மாதம் அவன் என்ரை ஸ்பானரைத் துலைப்பான். அடுத்த ஆறு மாதம் கஸ்ரமரின்ரை வாகனத்தைக் கெடுப்பான், நான் காசு கட்டுவன். ரெண்டாம் வருசம் கொஞ்சம் வேலை பிடிபடும். அப்ப பாஸ்போட் வந்திடும். கட்டாருக்குப் போட்டான். போகக்கை வந்து காலிலை விழுந்திட்டுத்தான் போனவன், நல்ல பெடியன்.” 2022இல் மட்டும் இந்நாட்டிலிருந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து போனார்கள். அவர்களில் எத்தனை பேரை இப்படியான கராஜ்கள் தம் செலவில் பழக்கி அனுப்பின என்ற கணக்கு எந்தத் திணைக்களத்திலும் எழுதப்படுவதில்லை. டொலராக வருவது மட்டும் மத்திய வங்கியின் கணக்கில் ஏறுகிறது.

அந்தக் கராஜ்காரருடைய கணக்கை நாங்கள் போட்டுப் பார்த்தால் என்ன? நிரந்தரமாக ஓர் ஆளை எடுத்தால் சம்பளத்துக்கு மேல் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். பெடியனின் விரல் நசுங்கினால் வைத்தியச் செலவும் தாய் தகப்பனின் முகமும். நைட்டாவின் ஒப்பந்தப் பயிற்சி இருக்கிறது, பயிலுனனுக்குச் சிறு கொடுப்பனவும் இருக்கிறது. ஆனால் பழக்குகிற பாஸின் நேரத்துக்கு யாரும் விலை வைக்கவில்லை. ஒரு மோட்டார் எஞ்ஜினைத் தானே கழற்றினால் அரை நாள், பெடியனை வைத்துக் கழற்றினால் முழு நாள். அந்த அரை நாளைத்தான் வன்னியின் சிறு முதலாளி இந்த நாட்டுக்குத் தானம் செய்கிறார். அதில் ஒரு பகுதியை அரசோ கொடையாளரோ திருப்பிக் கொடுத்தால், பயிலுனனுக்கு விபத்துக் காப்புறுதி போட்டால், முத்தையன்கட்டிலிருந்து பரந்தனுக்கு வர பஸ் காசு கிடைத்தால், ஒரு வருடம் தங்கி வேலை பழகியவனுக்கு அந்தக் கராஜிலேயே வந்து சோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுத்தால், இன்னொரு பயிற்சி மண்டபம் கட்டுவதைவிடச் செலவு குறைவாகத்தான் இருக்கும். திறப்பு விழா வைக்க முடியாது என்பது இந்த யோசனையின் பெரிய குறை.

இடையில் அரசாங்கம் தானே பெரிய பயிற்சி முதலாளியாகிவிடுவதும் உண்டு. 2020இல் நாடெங்கும் ஏறத்தாழ 50,000 பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்தது, மாதம் 20,000 ரூபா. பிரதேச செயலகங்களில் கதிரையைவிட ஆட்கள் கூடினார்கள். அவர்கள் பழகியது பெரும்பாலும் காத்திருக்கத்தான். அதற்குள்ளே நல்ல உத்தியோகத்தர்களாக வந்தவர்களும் இருக்கிறார்கள், அது அவர்களுடைய கெட்டித்தனம்.

மாங்குளத்திலும் பரந்தனிலும் கைத்தொழில் வலயங்கள் வரப்போகின்றன என்று அரசாங்கம் சொல்லியிருக்கிறது. முதலீட்டாளரோடு காணி, மின்சாரம், வரிச்சலுகை என்று பேசுகிற மேசையிலேயே வருடம் எத்தனை பயிலுனர், யார் பழக்குவது, பழக்கும் நேரத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதையும் பேசி எழுதிக்கொள்ளலாம். ஒப்பந்தம் எழுதிய பிறகு கேட்டால் அது வேண்டுகோளாகிவிடும். கராஜ்காரரையும் அந்த மேசைக்குக் கூப்பிடலாம். ஆனால் கூட்டம் வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கச்சேரியில் என்றால் அவர் வரமாட்டார். கராஜில் வேலை நெருக்கமாக இருப்பது அந்த நேரம்தான், கையாளும் கட்டாரில் நிற்கிறான்.