நம் வீட்டுத் தண்ணீரில் கரைந்திருப்பது



இன்று வாசிக்கக் கேட்ட உவமை மாற்கு நற்செய்தியில் மட்டுமே உள்ளது. விதைத்தவர் தூங்குகிறார், எழுகிறார். முளை வருகிறது, கதிர் வருகிறது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. விவசாய ஊரான நம் எருத்தேன்பதியில் இதை விளக்கத் தேவையில்லை. போர்வெல்லில் தண்ணீர் கீழே போகப் போக, மேற்கே மேகத்தைப் பார்த்துக்கொண்டு தென்னங்கன்றைக் காப்பாற்றியவர்கள் நீங்கள். அதனால் இன்று வயலை விட்டுவிட்டு, உங்கள் பிள்ளைகள் வீட்டு ஜன்னலில் வளர்க்கிற ஒன்றைப் பற்றிப் பேசுகிறேன்.

மே மாத விடுமுறையில் மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கிப் பொடித்து, இனிமேல் கரையாது என்கிற அளவுக்குச் சுடுதண்ணீரில் கரைக்க வேண்டும். அதில் கொஞ்சத்தைத் தட்டில் ஊற்றி வைத்தால், ஓரிரு நாளில் கடுகு போலச் சின்னச் சின்னப் படிகங்கள் உருவாகும். மூலை மழுங்காத ஒன்றை விதையாகப் பொறுக்கித் தூண்டில் நரம்பில் கட்டி, ஆறிப்போன கரைசலுக்குள் தொங்கவிட வேண்டும். பருத்தி நூல் ஆகாது. அதன் பிசிறுகளில் எல்லாம் பொடிப் படிகங்கள் ஒட்டிக்கொள்ளும். நம் ஊர்க் காற்றில் தூசு விழும், ஆகவே மேலே ஒரு துணி. அதற்குப் பிறகு தொடக்கூடாது. அவ்வளவுதான். சில வாரங்களில் எட்டு முகம் கொண்ட, கண்ணாடி போன்ற ஒரு படிகம் கிடைக்கும்.

ஒரு தாய் வந்து, "சாமி, இவ நிமிசத்துக்கு ஒருக்கா நூலத் தூக்கித் தூக்கிப் பாக்கறா" என்றார். நானும் சிறுவயதில் அப்படித்தான் தூக்கித் தூக்கி ஒன்றைக் கெடுத்தேன். அந்தக் குழந்தைக்கு நான் சொன்னதைப் பெற்றோருக்கும் சொல்கிறேன். அவசரமாக வளர்ந்த படிகம் உள்ளே கலங்கலாக இருக்கும். கரைசலின் துளிகளே அதற்குள் சிறைப்பட்டுவிடும். மெல்ல வளர்வது, தன் வடிவத்துக்குப் பொருந்தாததைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிட்டுத் தெளிவாக வளரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஏன் இன்னும் செபங்களை முழுதாகச் சொல்லவில்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்கிறதே என்று நூலைத் தூக்காதீர்கள்.

ஆனால் என்னை இந்த மறையுரைக்குக் கொண்டுவந்தது வேறொரு பையனின் டம்ளர். இரவு விதையைத் தொங்கவிட்டவன் காலையில் துணியை விலக்கிப் பார்த்தால் வெறும் நூல்தான் இருக்கிறது. யாரோ திருடிவிட்டார்கள் என்று அழுதுகொண்டே வந்தான். யாரும் திருடவில்லை. கரைசல் நீர்த்திருந்தது. போதுமான படிகாரம் இல்லாத தண்ணீர், தனக்குள் தொங்கவிட்ட விதையையே கரைத்துக் குடித்துவிடும்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் மறைக்கல்வி கொடுத்து, நல்ல விதையாகப் பார்த்துக் கட்டி, இந்தப் பிள்ளைகளை வீடுகளுக்கு அனுப்புகிறோம். எந்தத் தண்ணீருக்குள் அனுப்புகிறோம்?

படிகம் எதிலிருந்து வளர்கிறது என்று முன்னூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் யோசித்த ஒருவர் நம் திருச்சபையில் அருளாளராக இருக்கிறார். நிக்கோலாஸ் ஸ்டெனோ. கோபன்ஹேகனில் லூத்தரன் குடும்பத்தில் பிறந்த மருத்துவ ஆய்வாளர். கன்னத்துக்குள் உமிழ்நீர் வருகிற குழாய்க்கு மருத்துவர்கள் இன்றும் அவர் பெயரையே சொல்கிறார்கள். 1667இல் கத்தோலிக்கரானார், 1675இல் குருவானார், 1677இல் ஆயரானார். 1686இல் ஏழையாக இறந்தார். 1988இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். 1669இல் வெளியிட்ட நூலில் அவர் படிகங்களைப் பற்றி எழுதினார். செடி உள்ளே உணவை இழுத்து உள்ளிருந்து வளர்கிறது. படிகம் அப்படியல்ல, சுற்றியுள்ள திரவத்திலிருந்து அடுக்கடுக்காக வெளியே படிந்து வளர்கிறது என்றார்.

பிள்ளைகள் இந்த இரண்டும்தான். திருமுழுக்கில் ஆண்டவர் வைத்த உயிர், மாற்கு சொல்கிற விதை போல நாம் தூங்கும்போதும் உள்ளே வளர்கிறது. அது நம் கையில் இல்லை, கடவுளுக்கு நன்றி. ஆனால் பேச்சு, பழக்கம், கோபம், மன்னிப்பு எல்லாம் படிகம் போல வெளியிலிருந்து படிகின்றன. அம்மா வேலைக்காரரைக் கூப்பிடுகிற விதம் படிகிறது. பங்கு பிரித்த வரப்புக்காக அண்ணன் தம்பி பேசாமல் இருக்கிற வருடங்கள் படிகின்றன. பாட்டி முணுமுணுக்கிற செபமாலையும் படிகிறது. குழந்தை கவனிக்கவில்லை என்று நினைக்கும்போதுதான் அதிகம் படிகிறது.

இதைச் சொல்ல நம் மண்ணிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. கள் இறக்கி வாழ்கிற குடும்பங்கள் இந்தச் சித்தூர்ப் பக்கத்தில் உண்டு. அந்த உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. பனையேறியவர்களைக் கேளுங்கள். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தின் உட்சுவரில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். அந்தப் பதநீரைக் காய்ச்சிப் பாகாக்கி வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால்தான் பனங்கற்கண்டு. பாளைக்கு ஒன்றும் தெரியாது. கலயத்துக்குள் யார் என்ன தடவினார்கள் என்பதுதான் கேள்வி.

தகப்பன்மாரே, உங்களிடம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கிறேன். சாயங்காலம் நீங்கள் வீட்டுக்குள் நுழையும்போது பிள்ளை ஓடி வருகிறதா, உள்ளறைக்குப் போகிறதா? இந்த வாரம் ஒருநாளாவது விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டில் இருங்கள். குடும்ப செபத்தை நீங்களே தொடங்குங்கள். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை, பிள்ளை திருத்தும்.

அந்தப் பையனும் நானும் மறுபடி கரைசல் காய்ச்சினோம். இந்த முறை டம்ளரின் அடியில் கொஞ்சம் படிகாரம் கரையாமல் தங்குகிற அளவுக்குப் போட்டு, நன்றாக ஆறிய பிறகு தெளிந்ததை மட்டும் இறுத்து, வேறு விதை கட்டினான். இப்போது அது சாக்கிறிஸ்தி ஜன்னலில் இருக்கிறது. திருப்பலி முடிந்து வந்து பாருங்கள், வெளியிலிருந்தே தெரியும். துணியை மட்டும் யாரும் தூக்க வேண்டாம். அடுத்த ஞாயிறு அவனே தூக்குவான்.