பாறைமேல் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், ஆர்ப்ரோத் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 18 கிலோமீட்டர் தொலைவில் வட கடலினுள் கிடக்கும் பெல் ராக் என்னும் பாறை, வற்றத்தின்போது மாத்திரம் சிறிது நேரம் தலைகாட்டிவிட்டு, ஏற்றத்தில் இரண்டு ஆள் உயரத் தண்ணீருக்கடியில் மறைந்துவிடுவது. 1804-இல் ‘யார்க்’ என்ற போர்க்கப்பல் தன் மாலுமிகள் அனைவருடனும் அக்கடலில் அழிந்துபோயிற்று. அங்கே கலங்கரை விளக்கம் எழுப்புவதற்காக, 1807-ஆம் ஆண்டுக் கோடையில் ராபர்ட் ஸ்டீவன்சன் என்னும் பொறியாளர் கல்தச்சரோடு போய் இறங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது ஒரு தர்மசங்கடமும் உடன் வந்தது. அத்தேசத்துக் கிறிஸ்தவர்கள் அக்காலத்தில் ஓய்வுநாளை மிகக் கண்டிப்பாக அனுஷ்டித்தவர்கள். கடலோ கிழமை பார்த்து வற்றுவதில்லை. குளிர்காலம் வருமுன் கிடைக்கும் வற்றங்கள் சிலவே என்பதை எடுத்துச் சொல்லி, ஞாயிறன்றும் உளி பிடிக்குமாறு ஸ்டீவன்சன் கேட்டார். கப்பல் தளத்தில் பிரார்த்தனை நடந்தபின் பெரும்பாலோர் பாறைக்குச் சென்றனர், மனச்சாட்சி இடந்தராத சிலர் மறுத்துக் கப்பலிலேயே தங்கினர்.

ஓய்வுநாளில் கிணற்றில் விழுந்த எருதைத் தூக்கிவிடலாம் என்பதற்கு இயேசுநாதர் வாக்கே பிரமாணமாக இருக்கிறது. ஆனால் அந்த எருது கண்ணெதிரே தவிக்கிறது; பெல் ராக்கில் அன்று எவரும் மூழ்கிக்கொண்டிருக்கவில்லை. இனி என்றோ ஓர் இரவில், இன்னும் பிறவாத ஒரு மாலுமி அவ்வழியே வரக்கூடும் என்பதற்காக இன்று நியமத்தைத் தளர்த்தலாமா? அவசியம் என்ற சொல்லைக் காட்டியே கூலியாளின் ஓய்வைப் பறித்துக்கொள்ளும் முதலாளிகளை உலகம் நிறையக் கண்டிருக்கிறது; ஆகவே மறுத்தவர்களின் ஆக்ஷேபத்தை வெறும் மூடப்பற்று என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

இருந்தும் ஸ்டீவன்சன் பக்கமே நான் நிற்கிறேன். அவசரத்தை விதித்தது அவருடைய இலாபமன்று, சந்திரனும் கடலும். ஆபத்து கண்ணுக்கெட்டாத காலத்தில் நிற்பதனாலேயே அதற்குரிய கருணையின் கடமை குறைந்துவிடாது. முன்பின் அறியாத மனிதனுக்காகச் செய்த அவ்வுழைப்பு, அன்று காலை செய்த வழிபாட்டின் தொடர்ச்சியே என்று கருதுகிறேன்.

1811 பிப்ரவரி முதல் தேதி அங்கே விளக்கு ஏற்றப்பட்டது. அதன் காவலர்கள் ஞாயிற்றுக்கிழமை இரவுகளிலும் அதை ஏற்றியே வந்தார்கள்.