கேட்கத் தெரியாத உயிருக்காக

கீரைக் கட்டு சலசலத்தாலே கீச்சிட்டுக் குரல் கொடுக்கும் கினிப்பன்றிகளை, இனி வளர்க்க இயலாது என்ற நிலை நம்மில் எவருக்கும் வரலாம். வேலை வேற்றூருக்கு மாறுகிறது. குழந்தைக்கு ஒவ்வாமை வருகிறது. ஆசைப்பட்டு வாங்கிய பிள்ளை கல்லூரிக்குப் போய்விடுகிறது. ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழும் அந்த உயிர்களின் ஆயுளுக்குள் நம் வாழ்க்கை பலமுறை திசை மாறிவிடுகிறது. கொடுக்க நேர்வது குற்றமாகாது. எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் நம் அறம் இருக்கிறது.

எங்காவது தோட்டத்தில் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று மனம் சமாதானம் தேடும். ஆனால் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆண்டிஸ் மலைமக்கள் பழக்கி வளர்த்த இந்த இனத்துக்குத் திரும்பிச் செல்ல ஒரு காடு இல்லை. வைட்டமின் சி சத்தைத் தன் உடலில் ஆக்கிக்கொள்ளவும் நம்மைப் போலவே அதனால் இயலாது. அதன் நிலம், இரை, காவல் எல்லாமே மனிதன்தான்.

கூட்டமாக வாழும் இயல்புடைய இந்த உயிரைத் தனியாக வளர்க்கக் கூடாது என்று 2008-இல் சுவிட்சர்லாந்து விதித்தது. ஒன்று இறந்துவிட்டால், மிஞ்சியதற்குத் துணையாக இன்னொன்றை இரவல் கொடுப்போரும் அங்கே உண்டு. தனிமையும் ஒரு துன்பமே என்று ஒரு நாடு சட்டமாக எழுதிய பிறகு, எடுத்துச் செல்ல எளிது என்பதற்காகப் பழகிய ஜோடியைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுக்க நமக்கு எப்படி மனம் வரும்?

கேட்பவருக்கெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டால் கூண்டு காலியாகும்; கடமை தீராது. இலவசமாகக் கிடைக்கும் உயிரைப் பாம்புக்கு இரையாக்குபவரும் இருக்கிறார்கள். ஆணையும் பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தால், பத்து வாரங்களுக்குள்ளேயே வீடு தேட வேண்டிய உயிர்கள் பெருகிவிடலாம். ஆகவே வாங்க வருபவரை நாம் விசாரிக்கிறோம்: இடம் இருக்கிறதா, நேரம் இருக்கிறதா, நோய் வந்தால் மருத்துவரிடம் கொண்டுபோவீர்களா, ஒருவேளை உங்களாலும் முடியாமல் போனால் எங்களிடமே திருப்பித் தருவீர்களா?

பசித்தால் கீச்சிடத் தெரிந்த அந்த உயிருக்கு, என்னை எங்கே அனுப்புகிறீர்கள் என்று கேட்கத் தெரியாது. நாம் கைவிட்டாலும் அது வழக்காடப் போவதில்லை. காப்பாற்றினாலும் நன்றி சொல்லப் போவதில்லை. உரிமை நம்மை விட்டு நீங்கிய பின்னும் அதன் நாளைய வாழ்வை எண்ணி நாம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் அதன் சார்பில் எழுவதே. குழந்தையானாலும், முதுமையில் நினைவிழந்த பெரியவரானாலும், இன்னும் பிறவாத தலைமுறையானாலும், தமக்காகக் கேட்க இயலாதவர்களின் இடத்தில் நின்று அவர்களுக்குரிய கேள்வியை நாமே எழுப்பி, அதற்கு நாமே கட்டுப்படுவதைத்தான் பொறுப்பு என்கிறோம்.