ஓடாத வண்டியின் ஓட்டம்

நின்ற இடத்தில் நிற்கும் சைக்கிளை மிதித்து ஒருவரை ஒருவர் வெல்வது எவ்வகைப் போட்டி என்று அன்பர் சிலர் நம்மை வினவினர். செக்குமாடாவது சுற்றிச் சுற்றி எண்ணெய் தருகிறது. இந்த உருளைப் பந்தயத்திலோ ஊர் போய்ச் சேர்வதுமில்லை, எண்ணெய் வருவதுமில்லை. இதனைக் கூட்டம் கூடிக் கைதட்டிப் பார்ப்பது பொழுதைக் கொல்வதன்றி வேறென்ன என்பது அவர்தம் வாதம். எளிதில் தள்ளத்தக்க வாதமன்று அது. உழைப்பைப் பயனைக் கொண்டு அளப்பதே நம் பிழைப்பு. காலையில் பெரட்டு முடிந்ததும் செக்ரோலில் பேர் போட்டு, மாலையில் குலைக் கணக்கு எழுதும் தோட்டக் கிராணியின் ஏட்டில், பயனில்லா உழைப்புக்கென ஒரு பத்தி கிடையாது.

ஆயினும் பயன் ஒன்றே உழைப்பின் பெருமையாகுமோ? இங்கிலாந்துச் சிறைகளில் 1818-ஆம் ஆண்டு முதல் மிதிசக்கரம் என்றொரு தண்டனை புகுத்தப்பட்டது. கைதிகள் வரிசையாக நின்று, முடிவில்லாப் படிகளை நாள் முழுதும் மிதித்தனர். சில சிறைகளில் அச்சக்கரம் தானியமும் அரைத்தது. மாவு வந்த காரணத்தால் அது கொடுமையல்லாமற் போயிற்றா? ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. மிதிப்பவன் யார், பார்ப்பவன் யார், இருவருக்குமிடையே உள்ள உறவு யாது என்பதே அது.

பந்தயத்தின் அமைப்பை அறியாதார்க்குச் சிறிது கூறுவோம். இரண்டு சைக்கிள்கள் அருகருகே நிறுத்தப்படும். முன்சக்கரத்தைக் கழற்றி, வண்டியைச் சட்டத்தில் இறுக்கிப் பின்சக்கரத்தை உருளைமேல் வைப்பது இக்காலத்து வழக்கம். உருளை சுழலச் சுழல, பெரிய கடியார முகம் ஒன்றில் ஆளுக்கொரு முள் ஓடும். தூரம் பெரும்பாலும் 500 மீட்டர். அரை நிமிஷத்தை ஒட்டி எல்லாம் முடிந்துவிடும். தெருவில் 40 கிலோமீட்டர் வேகத்திற் செல்பவனது உழைப்பிற் பெரும்பகுதியைக் காற்றே விழுங்குகிறது. இங்கே அக்காற்றில்லை, மேடில்லை, வளைவில்லை. முன்னோடுவான் நிழலில் ஒதுங்கிப் பின் தாவும் தந்திரமுமில்லை. வழிமறிப்பாரும் இல்லை.

இக்கடைசிச் செய்தி சிறியதன்று. மேஜர் டெய்லர் என்னும் அமெரிக்கக் கறுப்பர் 1899-இல் மான்ட்ரியல் நகரில் ஒரு மைல் ஓட்டத்தில் உலகப் பட்டம் வென்றவர். அந்நாட்டுச் சைக்கிள் சங்கமோ, கறுப்பரை அங்கத்தினராகச் சேர்ப்பதில்லை என்று 1894-இலேயே தீர்மானம் செய்திருந்தது. களத்தில் வெள்ளையர் பலர் கூடி அவரைச் சூழ்ந்து, வெளியேற வழியின்றி அடைப்பர். 1897-இல் டான்டன் நகரில் தோற்ற ஒருவன் அவர் கழுத்தை நெரித்து மயங்க வைத்தான். அத்தகையவர், 1900-ஆம் ஆண்டையொட்டிய குளிர்காலத்தில், நாடக மேடைகளில் உருளைமேல் ஏறிச் சார்லஸ் மர்ஃபி என்னும் வெள்ளையருடன் போட்டியிட்டார். இம்மர்ஃபி, ரயில்வண்டியின் பின்னே ஒரு மைலை 57.8 விநாடியில் ஓட்டிப் புகழ் பெற்றவர். உருளைமேல் மர்ஃபிக்கு ஒரு முள், டெய்லருக்கு ஒரு முள்; சூழ்வதற்கு ஆளுமில்லை, சூழ இடமுமில்லை. சாலையில் மறுக்கப்பட்ட சமத்துவம், சாலையை நீக்கிய பின்னரே கிடைத்தது! மேடையை விட்டிறங்கினால் ஹோட்டல்கள் அறை தர மறுத்த கதை வேறு. 1932-இல் அவர் சிக்காகோவில் வறுமையில் மாண்டார்.

முள் நேர்மையானது, ஆனால் அதன் எதிரே நாற்காலியில் அமர்ந்திருப்போர்? தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நடந்த சைக்கிள் சாகசத்தை நேயர்கள் அறிவர். ஒரு மனிதர் சிறிய திடலை ஐந்து நாள், ஏழு நாள் இறங்காமல் சுற்றுவார். குளிப்பதும் உண்பதும் வண்டியின்மேலேயே. இரவில் விளக்குப் போட்டுப் பாட்டு வைப்பர். ஊரார் இரங்கியும் வியந்தும் அவர் சட்டையில் ரூபாய் நோட்டைக் குத்துவர். அவரும் எவ்வூரும் போய்ச் சேர்ந்தவரல்லர். அவருடைய ஆற்றலில் குறை காண நமக்கு மனம் வராது. எனினும் அத்திடலில் நோட்டைக் குத்திய மிராசுதார் ஒருநாளும் அவ்வண்டியில் ஏறப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். பசி ஒருபுறமும் வேடிக்கை ஒருபுறமுமாக நின்ற காட்சி அது. உருளைப் பந்தயம் தன் நல்ல வடிவில் இதனின்று வேறுபடுவது ஓரிடத்தில்தான்: சற்றுமுன் கூவிக்கொண்டிருந்தவன் அடுத்த சுற்றில் ஏறி மிதிக்கிறான், வியர்வையுடன் இறங்கியவன் கூட்டத்தில் நின்று கூவுகிறான். பிறர் பாடுபடுவதைக் காண்பதில் குற்றமுண்டா என்று நம்மைக் கேட்டால், அந்த இருக்கை உமக்கும் காத்திருக்கிறதா என்றே திருப்பிக் கேட்போம்.

இதனைப் பங்சாரை மனத்திற்கொண்டு எழுதுகிறோம். புங்கே, கிரிசார் என்னும் ஐரோப்பிய முதலாளிகள் இருவரின் பெயர் சேர்ந்த ரப்பர்த் தோட்டமே பங்சார் ஆயிற்று என்பர். தமிழர் பால் வெட்டிய மண் அது. இன்று அங்கே மங்கிய விளக்கொளியில், இசைக்கு ஏற்ப, நிலைவண்டி மிதிக்கும் கூடங்கள் உண்டு. பணம் கொடுத்து மிதிக்கிறார்கள். உடலைப் பேணுவது நன்றே. ஆனால் அங்கே வேடிக்கை பார்க்க வழிப்போக்கன் நுழைய முடியாது, மிதிக்கவும் முடியாது. செம்பனைத் தோட்டங்களிலோ, இன்று குலை வெட்டுவோர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர். பார்த்துக் கணக்கெழுதும் நாற்காலியில் இப்போது நம்மவரும் இருக்கிறோம்.

பங்சாரில் ஞாயிறு இரவுச் சந்தை கூடும் தெருவோரமாக, சீட்டு விலையின்றி, இரண்டு உருளைகளை வைக்க யாரேனும் முன்வருவாராயின் நாம் மகிழ்வோம். காய்கறிக் கடைக்காரரும், கூடத்தில் பணம் கட்டி மிதிப்பவரும், விடுமுறைக்கு நகரம் வந்த குலை வெட்டுபவரும், தோட்ட மானேஜரும் பெயர் கொடுக்கட்டும். ஒரே நிபந்தனை: முன்வரிசையில் அமர்வோர் பெயரும் பட்டியலில் இருக்க வேண்டும். பட்டியல் எழுதக் கிராணி ஒருவர் தேவைப்படுவார். அவரையும் கடியாரத்தின் அருகிலேயே நிற்க விட்டுவிடாமல், ஒரு சுற்றேனும் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.