பட்டியும் பரமார்த்தமும்

ரவிவர்மாவின் எண்ணெய்ச் சித்திரங்களில் வரும் பெண்களின் பட்டுப் புடவைகளை நேரில் காண்பவர் எவராயினும், அந்த மடிப்புகளின் மீது ஒரு தரம் விரலை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டுதான் அப்பால் நகர வேண்டியிருக்கிறது; ஜரிகையின் மினுக்கும், மடிப்புக்குள் ஒதுங்கிய நிழலும், கழுத்து முத்துக்களின் உருட்சியும் அவ்வளவு பிரத்தியட்சமாய் நிற்கின்றன. விரல் உண்மையிலேயே சென்று தொடுமானால், அங்கே பட்டும் இல்லை, முத்தும் இல்லை. மெழுகினாற்போல் பூசிய வர்ணம் மாத்திரமே உண்டு. அந்தி மயக்கத்தில் கயிற்றைப் பாம்பென்று கண்டு அஞ்சியவன் விளக்கைக் கொண்டுவந்து பார்த்துத் தெளிந்தான் என்று வேதாந்திகள் சொல்லும் திருஷ்டாந்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் புடவைகளே நினைவுக்கு வருகின்றன. கண்ணுக்கு உள்ள மேடு பள்ளம் கைக்கு இல்லை என்ற இந்தச் சாதுரியமே சித்திரக் கலையின் சிகரம் என்று நெடுங்காலம் நாம் நம்பி வந்திருக்கிறோம்.

வேறொரு வகைச் சித்திரமும் உண்டு. அதில் மலை என்றால் துணியின் மேல் உள்ளபடியே அரை அங்குலம் புடைத்து நிற்கும். மரத்தின் பட்டை என்றால் கையில் சொரசொரக்கும். ரவிவர்மா தீட்டிய நிழல் காலையிலும் மாலையிலும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க, இந்தச் சித்திரத்தின் நிழலோ, சித்திரக்காரன் தீட்டாத நிழலாகையால், ஜன்னல் வழியே வரும் வெளிச்சம் இடம் மாற மாறத் தானும் இடம் மாறி, விளக்கேற்றும் வேளையில் பகலில் கண்ட முகத்தை விட்டு வேறொரு முகம் காட்டும். இப்படிப் படத்தை மேடுபடுத்துவதற்கு வேண்டிய பசைகளையும் குழம்புகளையும் சித்திர சாமான்கள் விற்கும் கடைகளில் அழகிய டப்பிகளில் அடைத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அவற்றின் விலை, வளரும் பிராயத்துக் கலைஞர்களைக் கடை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். ஆகவே அவர்களில் புத்திசாலிகள் ஹார்டுவேர் கடையை நாடுகிறார்கள்.

சித்திரம் பயிலும் பெண் ஒருத்தி எங்கள் தெருவில் இருக்கிறாள். அவளோடு அத்தகைய கடை ஒன்றுக்குப் போகும்படி நேர்ந்தது. சுவருக்குப் பூசும் பட்டி ஒரு கிலோ, ஃபெவிகால் ஒரு டப்பா, பட்டித் தகடு ஒன்று, உப்புத்தாள் இரண்டு, கொசு வராமல் ஜன்னலுக்கு அடிக்கும் கம்பி வலையில் ஒரு முழம் என்று அவள் அடுக்கிக்கொண்டே போக, கடைக்காரர், “ரூம் எத்தனைக்கு எத்தனைம்மா?” என்று கேட்டார்.

“ரூம் இல்லை அண்ணாச்சி, படத்துக்கு. ரெண்டடிக்கு மூணடி.”

“துணியிலயா? துணியில பூசினா நிக்காதும்மா, உதிர்ந்துரும்.”

“ஃபெவிகால் கலந்துக்குவேன் அண்ணாச்சி. பின்னாடி பிளைவுட் வச்சு ஒட்டியிருக்கேன்.”

அவர் சற்று யோசித்து, “அப்போ மெல்லிசா ரெண்டு மூணு கோட்டா அடிங்க. ஒரேயடியா அப்பிராதீங்க, வெடிச்சுப் போகும்” என்றார். கலாசாலைகளில் வருஷக் கணக்கில் போதிக்கும் விஷயத்தில் ஒரு பகுதி அந்த இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

அவள் வேலை செய்வதைப் பிறகு அருகே இருந்து பார்த்தேன். பட்டியும் பசையும் சப்பாத்தி மாவின் பதத்துக்கு இளகியபின், தகட்டின் நுனியால் எடுத்துத் துணியின் மேல் வழித்துவிடுகிறாள். ஈரம் காய்வதற்குள் கம்பி வலையை அதன் மேல் வைத்து அழுத்தி எடுத்தால் மீன் செதிலைப்போல் வரிசை வரிசையாய்ச் சுவடு விழுகிறது. பழைய சீப்பை இழுத்தால் அலை. சாக்குத்துணியின் பிரிந்த இழைகளைப் பசையில் தோய்த்து ஒட்டினால் வேர். சலித்துக் கழுவி உலர்த்திய மணலைத் தூவினால் கரை. மறுநாள் காய்ந்ததும் வேண்டாத முனைகளை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, வெள்ளைப் பிரைமர் ஒரு பூச்சு கொடுத்த பிறகே வர்ணத்தில் கை வைக்கிறாள். அந்தப் பிரைமரைச் சோம்பலால் விட்டுவிடலாகாது. வெள்ளைச் சிமென்ட் கலந்த பட்டியில் காரம் உண்டாதலால், அதன் மேல் நேராகப் பிரஷ்ய நீலத்தைத் தீட்டினால் நீலம் நாளடைவில் பழுப்பேறிக் கெட்டுவிடும். குளியலறை இடுக்குகளை அடைக்கும் சிலிக்கோன் பசையையும் சிலர் ஆசைப்பட்டு வாங்கி வருகிறார்கள். அது அழகாக வழியும், ஆனால் எந்த வர்ணத்தையும் தன் மேல் ஒட்டவிடாது.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. பட்டி என்பது பள்ளத்தை நிரவுவதற்கும், கொத்தனார் விட்ட குறையை மறைப்பதற்கும், சுவரைக் கன்னம் போல் வழவழப்பாக்குவதற்கும் ஏற்பட்ட பதார்த்தம். அதைக் கொண்டே அவள் இல்லாத மேட்டை உண்டாக்குகிறாள்.

அவள் பண்ணிக்கொண்டிருந்தது பள்ளிகொண்ட பெருமாள். பாம்பணையின் சுருள்களெல்லாம் பட்டி. பாற்கடல் சீப்பிழுத்த அலை. அவளுடைய பாட்டி வந்து நின்று பார்த்தாள். “ஏண்டி, சுவத்துக்குப் பூசறதைப் பெருமாளுக்குப் பூசலாமோ?” என்று கேட்டாள். பெண் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தக் கேள்வி சிரிப்பதற்குரியது அன்று. உயர்ந்ததைச் சொல்ல உயர்ந்த திரவியந்தான் வேண்டுமா, மலிவான வஸ்துவில் மகத்தான வஸ்து தங்குமா என்ற கேள்வியைத்தான் அந்த அம்மாள் அடுக்களைப் பாஷையில் கேட்டாள்.

சாஸ்திரம் இதில் தாராளமாகவே இருக்கிறது. பாகவதத்தின் பதினொன்றாம் ஸ்கந்தத்தில் பிரதிமைகளின் வகை எட்டு என்று எண்ணும்போது, கல், மரம், உலோகம், மணி என்பவற்றோடு பூசிச் செய்வதும், எழுதிய சித்திரமும், மணலும், ஒரு காசும் செலவில்லாத மனமும் சமமாக வைத்து எண்ணப்பட்டிருக்கின்றன. ஸ்ரீரங்கத்தில் பெரிய பெருமாளின் திருமேனி சுதையாலானது. ஆகையினாலேயே மூலவருக்குத் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்புத்தான். நீராட்டமெல்லாம் உற்சவரான நம்பெருமாளுக்கு. திருவனந்தபுரத்தில் அனந்தசயனராகிய பத்மநாபனின் திருமேனியும் சாளக்கிராமங்களின் மேல் கடுசர்க்கரை யோகம் என்ற கலவையைப் பூசிச் சமைத்ததேயாகும். இரண்டு கோவில்களிலும் பாம்பணையில் கிடக்கும் பெருமாளே பூச்சு வேலையில் எழுந்தருளியிருக்கும்போது, பாட்டியின் ஆட்சேபம் பாதி விழுந்துவிடுகிறது.

தஞ்சாவூர்ப் பலகைப் படத்தையும் சொல்ல வேண்டும். பலகையின் மேல் துணியை ஒட்டி, சீமைச் சுண்ணாம்புத் தூளையும் பிசினையும் குழைத்த மக்கினால் ஆபரணங்களையும் தூண்களையும் திரைச்சீலைகளையும் மேடு கட்டி, கண்ணாடிக் கற்களைப் பதித்து, அந்த மேட்டின் மேல் தங்க ரேக்கை ஒட்டுவது அதன் கிரமம். தட்டையான தங்கம் பூஜையறையின் அகல் விளக்கில் ஒரே தகடாய் மங்கிக் கிடக்கும். மேடு கட்டிய தங்கமோ சுடர் அசைய அசைய ஒவ்வொரு முனையிலும் ஒவ்வொரு விதமாய்ப் பற்றி எரியும். அந்த ஜோதிக்குக் காரணம் தங்கமா, அடியில் முகம் தெரியாமல் கிடக்கும் சுண்ணாம்பா என்று கேட்டால் இரண்டும் என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் இங்கேதான் ஒரு சங்கடம் எழுகிறது. வழவழப்பான சித்திரம் கண்ணை ஏமாற்றுகிறது, மேடுள்ள சித்திரம் உள்ளதை உள்ளபடி காட்டுகிறது என்று தொடங்கிய நான், சுண்ணாம்பைத் தங்கத்தால் மூடும் தஞ்சாவூர்ப் படத்தைப் புகழ்வது எங்ஙனம்? பட்டியின் மேல் செம்பு வர்ணத்தைப் பூசி, அங்கங்கே பச்சைக் களிம்பையும் தீட்டி, பழங்காலத்துச் செப்புத் தகடு என்று பார்ப்பவர் மயங்கும்படி செய்து வரவேற்பறைகளில் மாட்டுகிறார்களே, அதைக் கண்டால் எனக்கு அருவருப்பு உண்டாகிறது. இரண்டிலும் மலிவான வஸ்து விலையுயர்ந்த தோற்றத்தின் கீழ் மறைந்துதானே கிடக்கிறது? அத்வைதியோ இன்னும் ஒரு படி மேலே போய், “கைக்குத் தட்டுப்பட்டதால் மட்டும் மெய்யாகிவிடுமோ? கனவிலும் கை தொடுகிறதே” என்பார். அதற்கு மறுமொழி சொல்ல நான் துணியவில்லை. கண்ணின் சாட்சியத்தைவிடக் கையின் சாட்சியம் பரமார்த்தத்துக்கு அருகில் இருக்கிறது என்று நிரூபிப்பது என்னால் ஆகாத காரியம்.

இந்தச் சங்கடத்தில் எனக்குக் கைகொடுத்தவர் ராமாநுஜர். ஜகத்து பொய்த் தோற்றம் அன்று, ஈசுவரனுக்கு அது சரீரம் என்று நிலைநாட்டப் புகுந்த அவர், சரீரம் என்பது யாது என்பதற்கு ஸ்ரீபாஷ்யத்தில் ஓர் இலக்கணம் வகுத்தார். கையும் காலும் இருப்பது சரீரத்தின் லட்சணம் அன்று. எந்தத் திரவியத்தை ஒரு சேதனன் தன் பிரயோஜனத்துக்காக முற்றிலும் தாங்குகிறானோ, நியமிக்கிறானோ, எது அவனுக்கே சேஷமாய் அவனுக்காகவே இருக்கிறதோ, அதுவே அவனுக்குச் சரீரம். தாங்கப்படுதல், நியமிக்கப்படுதல், பிறிதொன்றின் பொருட்டு இருத்தல் என்ற இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஜடப்பொருளின் மதிப்பை அதன் விலையிலோ ஜாதியிலோ தேட வேண்டிய அவசியமே இல்லாமற் போகிறது. தஞ்சாவூர்ப் படத்தில் சுண்ணாம்பு தங்கத்தைப் போல் நடிக்கவில்லை. மேலே கிடப்பது மெய்யான தங்கமே. சுண்ணாம்பு அதைத் தாங்கி, கண்ணனின் கிரீடத்துக்குச் சேஷமாய் நிற்கிறது. செப்புத் தகடாய் நடிக்கும் பட்டியோ எதையும் தாங்கவில்லை. அந்தப் படத்தில் மயக்கத்தைத் தவிர, அது எதன் பொருட்டு இருக்கிறதோ அந்தச் சேஷியென்று ஒன்று இல்லை. அலங்காரத்துக்காக மட்டும் கரணையால் வாரி அப்பிய சித்திரங்களும் அப்படியே: உயிர் தங்காத உடலுக்கு நாம் வேறு பெயர் வைத்திருக்கிறோம்.

மேல்நாட்டில் மலிவான சாமான்களைச் சித்திரத்துக்குள் கொண்டுவரும் இந்த வழியில் முதலில் நடந்தவர்களில் ஒருவர் ப்ராக் என்ற சித்திரக்காரர். அவர் தகப்பனாரிடம் வீட்டுக்கு வர்ணம் பூசும் தொழிலைக் கற்றவர். மட்டமான மரத்தில் உயர்ந்த மரத்தின் ரேகையைப் போலியாய் இழுப்பதற்கு அந்தத் தொழிலாளிகள் வைத்திருக்கும் சீப்பையே எடுத்துச் சித்திரத்தில் இழுத்தார். 1912-ஆம் ஆண்டில் வர்ணத்தோடு மணலையும் கலந்தார். போலி செய்வதற்கென்றே பிறந்த கருவி அவர் கையில் போலியைப் பற்றி யோசிக்கும் கருவியாயிற்று.

இத்தாலியரான அல்பெர்த்தோ பூரியின் கதை இன்னும் விசேஷமானது. அவர் வைத்தியர், யுத்தத்தில் 1943-இல் பிடிபட்டு, டெக்ஸாஸில் ஹியர்ஃபோர்டு என்ற ஊரிலிருந்த கைதிகள் முகாமில் இருந்தபோதுதான் சித்திரம் எழுதத் தொடங்கினார். சாக்குத்துணியைத் தைத்துத் தைத்து அவர் செய்த படங்கள் பிரசித்தமானவை. ஆனால் நமது விஷயத்துக்கு வேண்டியவை 1970-களில் அவர் செய்த விரிசல் படங்கள். வெள்ளைக் களிமண்ணையும், நம் ஃபெவிகாலின் இனத்தைச் சேர்ந்த பசையையும் குழைத்து, அழுத்தமான நார்ப் பலகையின் மேல் கனமாகப் பூசி, உலரவிட்டார். அது உலர்ந்து, கோடையில் ஏரித் தரை வெடிப்பதுபோல் வெடித்தது. எது வரக்கூடாதென்று கடைக்கார அண்ணாச்சி எச்சரித்தாரோ அதுவே அங்கே படம். எந்த இடத்தில் ஆழமாக வெடிக்க வேண்டும், எங்கே மயிரிழையாய் நிற்க வேண்டும் என்பதைப் பூச்சின் கனத்தால் ஓரளவுக்கு அவர் நியமித்தார். மிச்சத்தை மண்ணே தீர்மானித்தது. 1968-இல் பூகம்பத்தால் அழிந்த, சிசிலித் தீவின் ஜிபெல்லீனா என்ற ஊரை, அதன் இடிபாடுகளோடு சேர்த்து வெள்ளைச் சிமென்ட் கலவையால் மூடி, பழைய தெருக்களின் தடத்தையொட்டி மனிதர் நடக்கும் அளவுக்கு விரிசல் விட்டுவிட்டார் என்பதும் இதே சிந்தனையின் விரிவே.

ராமாநுஜரின் இலக்கணத்துக்கு இது பொருந்துமா என்று ஒருவர் கேட்கலாம். முற்றிலும் நியமிக்கப்படுவதல்லவோ சரீரம், தன்னிச்சையாய் வெடிப்பது எப்படிச் சரீரமாகும் என்று. நோயுற்ற உடலும் உடல்தான். ஆணை தடைப்பட்டதேயன்றி உறவு அறுபடவில்லை. மேலும் சித்திரக்காரன் ஈசுவரன் அல்லன். அவன் ஜீவன், தன் கை நடுங்குவதையே நிறுத்த முடியாத ஜீவனுக்குப் பட்டி மட்டும் சொன்னபடி கேட்க வேண்டும் என்பது அதிக ஆசை. சைவ சித்தாந்திகள் மாயையை உயிருக்கு இறைவன் உபகரித்த விளக்கு என்பார்கள், சூரியன் உதிக்கும் வரையில் கைக்கு உதவுவது என்ற அளவில். அந்த விளக்கு காற்றில் அசையத்தான் அசையும்.

பெண்ணின் படம் முடிந்தது. அண்ணாச்சியின் புத்திமதியையும் மீறி, ஆதிசேஷனின் தலைகளில் ஒன்றின் அடியில் மெல்லிய கீறல் ஒன்று விழுந்திருக்கிறது. அதை அடைத்துவிடவா என்று கேட்டவளை நான் தடுக்கவுமில்லை, தூண்டவுமில்லை. பிறகு கண்ணாடி போடுவதைப் பற்றி வீட்டில் பெரிய தர்க்கம். விளக்குப் புகையும் தூசியும் படியும், தஞ்சாவூர்ப் படத்துக்குப் போடுகிறோமே என்பது பாட்டியின் கட்சி. கண்ணாடி போட்டால் ஜன்னலின் பிரதிபிம்பந்தான் தெரியும், நிழல் செத்துப்போகும் என்பது பெண்ணின் கட்சி. நான் பெண்ணின் பக்கம். இப்போதைக்குப் படம் கண்ணாடியில்லாமல், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்படி, பூஜையறையில் அல்லாமல் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. பாட்டி அதற்கு இன்னும் பூ வைக்கவில்லை. வைப்பதானால் எந்தச் சுருளின் இடுக்கில் செருகினால் நிற்கும் என்று மட்டும் ஒரு நாள் பேத்தியிடம் விசாரித்திருக்கிறாள்.