தடையும் தாங்கலும்

வேகம் கூட வேண்டுமெனில் உந்துவிசையைப் பெருக்க வேண்டும் அல்லது தடையைக் குறைக்க வேண்டும் என்பது எவ்வகை இயக்கத்துக்கும் பொருந்தும் எளிய விதியாகத் தோன்றினும், தடை என்பது முழுதும் நீக்கத்தக்க தீமைதானா, அன்றி இயக்கத்துக்கே நிலைக்களனாக நிற்பதா என்னும் வினா மெய்யியலாளரையும் சமயவாதிகளையும் நெடுங்காலமாக ஈர்த்து வந்துள்ளது. வானொலி அலைகளால் கரையிலிருந்து இயக்கப்படும் சிறு மின்படகு இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க பொருளாகும். அத்தகைய படகைச் செய்து காட்டிய முன்னோடியே இவ்வினாவுக்கு ஒரு விடையையும் எழுதி வைத்தார் என்பது இதற்குக் கூடுதல் காரணம்.

நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் பேட்டரியால் ஓடும் படகொன்றைக் கம்பித்தொடர்பு ஏதுமின்றி இயக்கிக் காட்டினார். அவ்வாண்டு நவம்பர் 8 அன்று அதற்கான காப்புரிமையும் பெற்றார். 1900 ஜூன் மாதச் 'செஞ்சுரி' இதழில் மனித ஆற்றலைப் பெருக்குவது குறித்து அவர் எழுதிய நீண்ட கட்டுரையில் அப்படகும் இடம்பெறுகிறது. மனித இனத்தை ஒரு திணிவாகவும், அதை முன்னோக்கித் தள்ளும் விசை ஒன்றும் எதிர்த்திசையில் தடுக்கும் விசை ஒன்றும் அதன்மீது செயற்படுவதாகவும் அக்கட்டுரை கொள்கிறது. திணிவைப் பெருக்க உணவு, தடையைக் குறைக்க அமைதி, உந்துவிசையைக் கூட்ட உழைப்பு என மூன்று வழிகளை அவர் வகுத்தார். தடுக்கும் விசையையும் அவர் இரண்டாகப் பிரித்தார்: அறியாமை போன்றவை உராய்வாக நின்று தேய்ப்பன, சமயவெறி போன்றவை நேர் எதிராகவே இழுப்பன. இரண்டுமே அவர் கணக்கில் இழப்புகள்தாம். தடையில் நன்மையான கூறும் இருக்கலாம் என்பதற்கு அக்கணக்கில் இடமில்லை.

படகின் வேகத்தைக் கூட்ட விரும்புவோர் பெரும்பாலும் முதலில் நாடுவது விசையைத்தான். லித்தியம் பாலிமர் பேட்டரியின் ஒவ்வொரு செல்லும் 3.7 வோல்ட் தருவதால், மூன்று செல் கொண்ட பேட்டரி 11.1 வோல்ட்டும் நான்கு செல் கொண்டது 14.8 வோல்ட்டும் தரும்; ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2,000 சுற்று சுழலும் மோட்டார், சுமையில்லாதபோது, முன்னதில் 22,200 சுற்றும் பின்னதில் 29,600 சுற்றும் சுழலும். ஆனால் புரொப்பெல்லர் எனப்படும் உந்துவிசிறியைச் சுழற்றத் தேவைப்படும் திறன், சுழற்சி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வது. ஆகவே அதே விசிறியை மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுழற்ற ஏறத்தாழ 2.4 மடங்கு திறன் வேண்டியிருக்கிறது. மின்னோட்டம் ஏறத்தாழ 1.8 மடங்காகிறது, கம்பிகளில் எழும் வெப்பமோ மும்மடங்கையும் தாண்டுகிறது. விசையை மட்டுமே நம்புவோருக்குக் கிடைப்பது பெரும்பாலும் கருகிய வேகக்கட்டுப்பாட்டுக் கருவிதான்.

தடையின் பக்கம் திரும்பினால் நிலைமை நுட்பமாகிறது. நீரை விலக்கிக்கொண்டு மிதந்தே செல்லும் படகு தன் முன்முனையில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அவ்வலை நீண்டு, படகின் நீளத்தை எட்டியதும் படகு தானே உண்டாக்கிய பள்ளத்தில் சிக்கிவிடுகிறது. நீர்க்கோட்டில் 60 சென்டிமீட்டர் நீளமுள்ள படகுக்கு இவ்வெல்லை மணிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர் மட்டுமே. இதை வெகுவாகக் கடக்க வேண்டுமெனில், தட்டையான அல்லது ஆழமற்ற 'வி' வடிவ அடிப்பகுதியால் படகு நீரின்மேல் ஏறி வழுக்கிச் செல்ல வேண்டும். அவ்வாறு ஏற்றிவிடுவது எது? அடிப்பகுதியில் மோதும் அதே நீரின் அழுத்தமே. தடுத்த பொருளே தாங்கும் பொருளாகிறது.

இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. படகு நீரைத் தொடும் பரப்பைக் குறைக்க எடைமையத்தைப் பின்னோக்கி நகர்த்துவது வழக்கம். பின்முனையிலிருந்து நீளத்தின் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் அது அமைவது பொதுவான அளவு. அதற்கும் பின்னே பேட்டரியைத் தள்ளினால் முன்முனை உயர்ந்து, அடியில் காற்று புகுந்து, படகு குப்புறக் கவிழ்கிறது. பாதி நீரிலும் பாதி காற்றிலுமாகச் சுழலும் விசிறியும் அத்தகையதே: அச்சுத்தண்டு நீரில் இழுபடுவதை அது குறைக்கிறது என்றாலும், அளவுக்கு மீறி மேலே தூக்கப்பட்டால் பற்றிக்கொள்ள நீரின்றி வெறுமனே சுழன்று, படகின் வேகத்தையே இழக்கச் செய்கிறது.

ஜெர்மானிய மெய்யியலாளர் காண்ட் 1781-இல் வெளியிட்ட தூய அறிவின் திறனாய்வு நூலின் முன்னுரைப் பகுதியில், காற்றின் தடையை உணரும் புறா வெற்றிடத்தில் இன்னும் எளிதாகப் பறக்கலாம் என எண்ணிவிடக்கூடும் என்று எழுதினார். புலனுலகைத் துறந்து தூய கருத்துகளின் வெளியில் பறக்க முயன்ற பிளேட்டோவை நோக்கிய கண்டனம் அது. அனுபவம் அறிவைக் கட்டுப்படுத்துவது உண்மை. ஆனால் அனுபவம் இல்லாத இடத்தில் அறிவு ஊன்றுவதற்கு எதுவுமில்லை என்பது காண்டின் வாதம். காண்ட் ஒரு தடையின் இருமுகத்தைக் காட்டினார். தடைகளை இனம் பிரித்துக் காட்டவில்லை.

அப்பிரிவினையைச் சைவ சித்தாந்தம் செய்கிறது. உயிரைக் கட்டுவனவாக ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களை அது கூறினும், மூன்றையும் ஒரே தன்மையாகக் கொள்வதில்லை. ஆணவம் உயிரின் அறிவை மறைப்பது; மாயையோ தனு, கரணம், புவனம், போகம் ஆகியவற்றை, அதாவது உடலையும் அகக்கருவிகளையும் உலகையும் நுகர்பொருள்களையும் தந்து, அறிவு ஓரளவு விளங்கத் துணைநிற்பது. கட்டு என்ற பெயர் இரண்டுக்கும் பொதுவாயினும், ஒன்று வெறும் தடை, மற்றொன்று தாங்கும் தடை. வீடுபேற்றில் மாயையும் விலகும் என்பதால், நீரை விட்டு ஒருபோதும் நீங்காத படகோடு இவ்வொப்பீட்டை எல்லைவரை நீட்டுதல் பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனினும் பயன்முறையில் இப்பாகுபாடு தெளிவான வழிகாட்டியாகிறது. மோட்டாருக்கும் அச்சுத்தண்டுக்கும் இடையிலுள்ள கோணல், காய்ந்துபோன மசகு, அடிப்பகுதியின் கீறல்கள், சமநிலை செய்யப்படாத விசிறியின் அதிர்வு ஆகியவை எதையும் தாங்காமல் வெப்பமாகவும் ஒலியாகவும் ஆற்றலைத் தின்பவை. இவற்றை எவ்வளவு நீக்கினாலும் கேடில்லை. அடிப்பகுதியின் மேல் நீரின் அழுத்தமும், விசிறி நீரைப் பற்றும் ஆழமும், சுக்கானின் பரப்பும் அளவறிந்து வைத்துக்கொள்ள வேண்டியவை. டெஸ்லாவின் கட்டுரை இவ்விரண்டாம் வகையைக் காணாமல் விட்டது. மனிதரிடையே உள்ள கருத்து வேற்றுமையும் மரபின் இழுப்பும் சில வேளைகளில் சமுதாயம் திசைதிரும்புவதற்கு உதவுவன என்பதை அதன் சமன்பாடு சொல்ல இயலாததற்கு இதுவே காரணம். தடையின்மீது ஊன்றியே எந்தச் சுக்கானும் படகைத் திருப்புகிறது. டெஸ்லாவின் படகிலும் ஒரு சுக்கான் இருந்தது.