காத்திருப்பின் விலை

ஒரு பெண்ணுக்குப் பஸ் காசை மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாக அவளுடைய நேரத்தை எடுத்துக்கொள்வது நியாயமா?

2021 மே 8 முதல் தமிழ்நாட்டு அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் காசு தர வேண்டியதில்லை. இது சிறிய விஷயம் அல்ல. வெளியே போவதற்கு வீட்டு ஆணிடம் சில்லறை கேட்டு, எங்கே, எதற்கு என்று பதில் சொல்லி நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். இதை ‘ஓசி’ என்பவர்கள், அந்தப் பெண் வீட்டில் கூலியில்லாமல் செய்யும் வேலைக்கு என்ன பெயர் வைப்பார்கள்?

ஆனால் திருச்சியில் தனியார் டவுன் பஸ்களும் ஏராளம். அவற்றில் இந்தச் சலுகை செல்லாது. சத்திரம் பேருந்து நிலையத்தில் மாலையில் நிற்கும்போது நான் கவனிப்பது இதைத்தான்: ஸ்ரீரங்கம் போகும் தனியார் பஸ் வந்தால் கையில் காசுள்ளவர்கள் ஏறிவிடுகிறார்கள். துணிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்த பெண் அரசு பஸ்ஸுக்காக இன்னும் நிற்கிறாள். அவளும் கட்டணம் செலுத்துகிறாள், நிமிடங்களாக.

ஊரும் நீண்டுகொண்டே போகிறது. 2025 ஜூலையில் வெளியூர்ப் பேருந்துகள் மதுரைச் சாலையிலுள்ள பஞ்சப்பூர் முனையத்துக்கு மாறின. பஸ் போகும் இடத்துக்கு டீக்கடையும் ஓட்டலும் போகும், துப்புரவு வேலையும் போகும். ஸ்ரீரங்கத்துப் பெண் ஒருத்தி அந்த வேலைக்குப் போக, காவிரியைத் தாண்டி நகரம் முழுவதையும் கடக்க வேண்டும். வீட்டில் ஒரு பைக் இருந்தால் அது பெரும்பாலும் ஆணின் கையில். அவளுடைய பயணமோ ஒரே மூச்சில் முடிவதில்லை. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, காந்தி மார்க்கெட் என்று இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் காத்திருப்பு கூடுகிறது.

பெண்ணின் நேரத்துக்கு விலையில்லை என்று வீடு நினைக்கிறது. அதே நினைப்பில் நகரமும் பஸ் விடுகிறது. தாமதமாக வீடு திரும்பினால் கேள்வி கேட்கப்படுவதும் அவள்தான்.

ஆகவே கட்டணமில்லாப் பயணத்தை விட்டுக்கொடுக்காமலே நாம் அடுத்ததைக் கேட்க வேண்டும். எத்தனை பெண்கள் இலவசமாகப் போனார்கள் என்பதோடு, எத்தனை நிமிடம் நின்றார்கள் என்பதையும் அரசு எண்ணட்டும். இரவு ஒன்பது மணிக்குக் கடையடைத்து வருபவளுக்கு அடுத்த பஸ் எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடிகிற நகரமே அவளையும் குடிமகளாக மதிக்கும் நகரம்.